புறத்தே நின்று அடைக்கும் நோய்

மனித சரீரத்தின் உட்புறத்தை அறிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இரைப்பை, குடல், ஈரல் முதலிய பெரிய அவயவங்களையே முதலில் கவனிக்கிறார்கள். ஆனால் அவற்றையெல்லாம் போர்த்து நிற்கும் மெல்லிய உள்ளுறைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், கண்ணுக்கும் கைக்கும் எளிதில் அகப்படாத ஓர் இடம் இருக்கிறது. இருதயத்திலிருந்து இறங்கி வரும் பெருந்தமனியும், கால்களின் இரத்தத்தைத் திரட்டி மேலே கொண்டு செல்லும் பெருஞ்சிரையும், இரு சிறுநீரகங்களும், அவற்றிலிருந்து சிறுநீர்ப்பையை நோக்கி இறங்கும் இரு குழாய்களும் கொழுப்புத் திசுவின் நடுவே அமைந்திருப்பது அங்கேதான். வயிற்றை அழுத்திப் பார்க்கும் வைத்தியரின் விரல்கள் அவ்வளவு ஆழத்தை எட்டுவது அரிது. ஆகையால் அங்கே தோன்றும் வியாதி நெடுங்காலம் தன்னை அறிவித்துக்கொள்ளாமலே வளர்ந்து, பிறகு வேறோர் அவயவத்தின் துன்பமாக வெளிப்படுகிறது. அத்தகைய வியாதிகளில் ஒன்றாகிய ரெட்ரோபெரிடோனியல் ஃபைப்ரோசிஸ், அதாவது வயிற்று உள்ளுறைக்குப் பின்னே நார்த்திசு திரண்டு இறுகும் நோயே, இந்த அத்தியாயத்தின் பொருள்.

இந்நோயின் தன்மையை அறிவதற்கு முன், சிறுநீர்க் குழாயின் இயல்பை அறிந்துகொள்வது அவசியம். ஏறக்குறைய 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும், உள்ளே 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமும் உடைய இக்குழாயை, ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து மழைநீரை இறக்கும் தகரக் குழாயைப் போல வெறும் பாதையாக எண்ணிவிடக் கூடாது. அதன் சுவர் தசையால் ஆனது. நிமிஷத்திற்குச் சில முறை அத்தசையில் மேலிருந்து கீழாக ஒரு சுருக்க அலை எழுந்து, சிறிதளவு சிறுநீரைத் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு போய்ச் சிறுநீர்ப்பையில் சேர்க்கிறது. நாம் நின்றாலும் படுத்தாலும் சிறுநீர் இறங்குவதற்குக் காரணம் இந்த அலைதான். எனவே குழாய் திறந்திருந்தால் மட்டும் போதாது. அது தடையின்றி அசையவும் வேண்டும். இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்நோய் செய்யும் தீங்கு முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

கீழ் முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு முன்னே, பெருந்தமனி இரண்டாகக் கிளைத்துக் கால்களை நோக்கிப் பிரியும் இடத்தை அடுத்து, சாம்பல் கலந்த வெண்மை நிறமான ஒரு நார்ப்படலம் முதலில் உருவாகிறது. அது மெல்ல மெல்லத் தடித்து, மேலே சிறுநீரக இரத்தக் குழாய்கள் வரையிலும் கீழே இடுப்பெலும்பின் விளிம்பு வரையிலும் பரவி, பெருந்தமனியையும் பெருஞ்சிரையையும் முன்புறமும் பக்கங்களும் சூழ்ந்துகொண்டு, இருபுறமும் உள்ள சிறுநீர்க் குழாய்களை எட்டுகிறது. எட்டிய பின் அவற்றை வளைத்து, உடலின் நடுக்கோட்டை நோக்கி இழுத்து, அசைய வொட்டாமல் பிணித்துவிடுகிறது. விசேஷம் என்னவென்றால், பெரும்பாலும் அது குழாயைத் துளைத்து உள்ளே நுழைவதில்லை. உட்துவாரத்தை முற்றிலும் மூடுவதும் இல்லை. சிறுநீர் இறங்காமல் சிறுநீரகம் வீங்கிப்போயிருக்கும் ஒரு நோயாளியின் குழாய்க்குள், சிறுநீர்ப்பை வழியே ஒரு மெல்லிய கதீட்டரைச் செலுத்தும் வைத்தியர், அது யாதொரு தடையுமின்றி மேலேறிச் சிறுநீரகத்தை அடைந்துவிடுவதைக் கண்டு வியப்படைவதுண்டு. கதீட்டர் போகும் வழியில் சிறுநீர் ஏன் வரவில்லை? கதீட்டரைக் கை தள்ளுகிறது. சிறுநீரைத் தள்ள வேண்டிய அலையோ நார்ப்படலத்தில் அகப்பட்டு நின்றுபோயிருக்கிறது. கல்லோ கட்டியோ உள்ளே இல்லாத இந்த அடைப்பின் காரணம் குழாய்க்கு வெளியே நிற்கிறது என்பதை உணர்ந்தவரே இந்நோயை உணர்ந்தவர்.

கியூபாவில் பிறந்து பாரிஸ் நகரத்தில் பெரும் புகழ் பெற்ற சிறுநீரியல் அறிஞர் ஜோவாகின் அல்பாரன், 1905-ஆம் ஆண்டிலேயே இத்தகைய நிலையை விவரித்திருந்தார். எனினும் வைத்திய உலகம் அதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது, 1948-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுநீரியல் நிபுணர் ஜான் ஆர்மண்ட், இரு பக்கக் குழாய்களும் அழற்சித் திசுவால் சூழப்பட்டு அடைபட்ட இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய பின்னரே ஆகும். அதனால் ஆர்மண்ட் நோய் என்ற பெயரும் இதற்கு நிலைத்தது. அதே 1948-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிஸோன் என்னும் ஔஷதத்தை முதன்முதலாகச் செலுத்தினார். நோயை அடையாளம் காட்டியவரும், பிற்காலத்தில் அந்நோய்க்கே முதல் மருந்தாக அமையப்போகும் ஸ்டீராய்டு வர்க்கத்தின் ஆற்றலைக் காட்டியவரும் ஒருவர் பணியை ஒருவர் அறியாமலே ஒரே ஆண்டில் உழைத்திருக்கிறார்கள் என்பது வைத்திய சரித்திரத்தில் குறிப்பிடத்தக்க ஒற்றுமை.

இந்த நார்ப்படலம் ஏன் உண்டாகிறது? மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளிடத்தில் தெளிவான வெளிக் காரணம் ஒன்றும் அகப்படுவதில்லை. பெருந்தமனியின் சுவரில் கொழுப்புப் படிந்து சுவர் நலியும்போது, அப்படிவிலிருந்து கசியும் பொருள்களைச் சரீரம் அந்நியமாகக் கருதி எதிர்த்துப் போராடுவதன் விளைவே இது என்று இங்கிலாந்தின் மிட்சின்ஸன் முதலிய நோயியலறிஞர்கள் கருதினார்கள். நோய் பெருந்தமனியை ஒட்டியே தொடங்குவது இக்கருத்துக்கு வலுவளித்தது. பின்னர் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் ஜப்பானின் ஹமானோ முதலிய ஆராய்ச்சியாளர்கள், கணையத்தை இறுகச் செய்யும் ஒருவகை அழற்சியில் ஐ.ஜி.ஜி.4 என்னும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் மிகுந்திருப்பதையும், அத்தகையவர்களில் சிலருக்கு இந்த நார்ப்படலமும் சிறுநீரக வீக்கமும் சேர்ந்திருப்பதையும் கண்டறிந்தார்கள். கணையம், உமிழ்நீர்ச் சுரப்பி, பித்தநாளம் என்று வெவ்வேறு அவயவங்களில் வெவ்வேறு பெயர்களுடன் கருதப்பட்டு வந்த பல வியாதிகள் ஒரே நோயின் பல முகங்கள் என்பது அதன் பிறகே துலங்கிற்று. காரணம் அறியப்படாதவை என்று ஒதுக்கப்பட்டவற்றில் ஒரு கணிசமான பகுதி இன்று இந்த ஐ.ஜி.ஜி.4 நோயின் பிரிவில் சேர்க்கப்படுகிறது.

எஞ்சிய ஒரு பங்கில் காரணம் அகப்படுகிறது. அகப்படும் காரணங்களைத் தேடாமல் விடுவது பெரும் பிழையாகும். ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்காகக் கொடுக்கப்பட்ட மெத்திசெர்ஜைடு என்ற மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களிடம் இந்நோய் தோன்றுவதை அமெரிக்க வைத்தியர் ஜான் கிரஹாம் 1960-களின் நடுவில் எடுத்துக்காட்டினார். மருந்தை நிறுத்தியபோது பலருக்குப் படலம் தானாகவே கரைந்தது. எர்காட் பூஞ்சையிலிருந்து பிறந்த வேறு சில மருந்துகளுக்கும் இக்குணம் உண்டு. நிணநீர்ச் சுரப்பிப் புற்று, மார்பு, இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றின் புற்று முதலியன உள்ளுறைக்குப் பின்னே பரவி, தம்மைச் சுற்றி நார்த்திசுவை எழுப்பி, இந்நோயைப் போலவே வேஷமிடுவதும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை, அவ்விடத்தில் நடந்த ரண சிகிச்சை, காசநோய், ஆஸ்பெஸ்டாஸ் தூசு ஆகியனவும் காரணப் பட்டியலில் இடம் பெற்றவை. ஆதலால் நோயாளி உட்கொண்ட மருந்துகளையும் அவர் செய்த தொழிலையும் விசாரித்து அறியும் பொறுமை, எந்த யந்திரத்துக்கும் குறையாத பரிசோதனைக் கருவியாகும்.

இது அபூர்வமான வியாதிதான். பின்லாந்து தேசத்தில் எடுத்த கணக்கின்படி லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவரிடத்திலேயே இது காணப்பட்டது. பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்களையும், பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக ஆண்களையும் இது பற்றுகிறது. தொடக்கத்தில் முதுகிலோ விலாப்புறத்திலோ அடிவயிற்றிலோ மந்தமான ஒரு வலி உண்டாகிறது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மாறாத அவ்வலி, ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளால் சற்றுத் தணிவதால், நோயாளி அதை வயதின் வலியென்றோ உழைப்பின் வலியென்றோ எண்ணி மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார். பசியின்மை, உடல் மெலிவு, அயர்ச்சி, லேசான ஜுரம் ஆகியவை கூடச் சேரலாம். பெருஞ்சிரை நெருக்குண்டால் கால்கள் வீங்கும். விரையிலிருந்து வரும் நாளங்கள் நெருக்குண்டால் விரைவலியும் விரைவீக்கமும் தோன்றும். சிறுநீரகம் பாதிக்கப்படும்போது இரத்த அழுத்தம் உயரும். இவற்றுள் எதுவும் இந்நோய்க்கே உரிய அடையாளம் அன்று. அதனால்தான் பலர், இரு சிறுநீரகங்களும் செயலிழக்கும் தறுவாயில், சிறுநீர் குறைந்து, வாந்தியும் மூச்சிரைப்புமாக முதன்முறை ஆஸ்பத்திரியை அடைகிறார்கள்.

அவ்வாறு வருகிறவரின் இரத்தத்தில் யூரியாவும் கிரியேட்டினினும் உயர்ந்திருக்கும். இரத்த சோகை காணப்படும். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரு அளவுகளும் பெரும்பாலும் மிகுந்திருக்கும். சிறுநீர்ப் பரிசோதனையோ பலரிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் எதையும் காட்டாது. எளிதாகவும் தீங்கின்றியும் செய்யத்தக்க அல்ட்ராசவுண்டு ஸ்கேன், ஒரு சிறுநீரகமோ இரண்டுமோ நீர் தேங்கி விரிந்திருப்பதை உடனே காட்டிவிடும். ஆனால் தேக்கத்தின் காரணத்தை அது பல சமயங்களில் காட்டுவதில்லை. கல் இல்லை, புராஸ்டேட் வீக்கம் இல்லை, ஆயினும் இரு சிறுநீரகங்களும் வீங்கியுள்ளன என்ற இடத்தில்தான் வைத்தியரின் சிந்தனை குழாயை விட்டு வெளியே செல்ல வேண்டும்.

முற்காலத்தில், இரத்தத்தில் சாயமருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையே இந்நோயைக் காட்டி வந்தது. விரிந்த சிறுநீரகம், நடுக்கோட்டை நோக்கி இழுக்கப்பட்ட குழாய், படிப்படியாகக் குறுகி மறையும் சாயக்கோடு ஆகிய மூன்றும் சேர்ந்த படத்தைக் கண்டவுடன் தேர்ந்த வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். ஆயினும் நலமுள்ள சிலரிடத்திலும் குழாய் நடுவே ஒதுங்கியிருப்பதுண்டு. நோயுற்ற சிலரிடத்தில் அது ஒதுங்காமலும் இருப்பதுண்டு. 1970-களில் வந்த சி.டி. ஸ்கேன்தான் சந்தேகத்துக்கு இடமின்றி அந்தப் படலத்தையே நேரில் காட்டியது. பெருந்தமனியின் முன்னும் பக்கங்களிலும் தசையின் அடர்த்தியோடு ஒரே சீராகப் படர்ந்து, தமனியின் பின்புறத்தை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கும் அப்படலத்தில் ஒரு நுட்பம் உண்டு. புற்றுநோயால் பருத்த நிணநீர்ச் சுரப்பிகள் தமனிக்குப் பின்னே புகுந்து அதை முள்ளெலும்பிலிருந்து முன்னால் தள்ளிவிடும்; சாதாரண நார்ப்படலமோ தமனியை அதன் இடத்திலேயே வைத்து அணைத்துக்கொள்ளும். கிரியேட்டினின் உயர்ந்திருக்கையில் சி.டி. ஸ்கேனுக்கான சாயமருந்து சிறுநீரகத்துக்கு மேலும் தீங்கு செய்யக்கூடும் ஆதலால், அத்தகையவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பெரிதும் உதவுகிறது, படலத்தில் அழற்சி இன்னும் உயிரோடிருக்கிறதா, அல்லது அது ஆறி இறுகிப்போன வடுவா என்பதையும் எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் ஆகிய இரண்டும் ஓரளவு உணர்த்துகின்றன.

ஆனால் நிழற்படம் எவ்வளவு தெளிவாயினும் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. படலம் வழக்கமான இடத்தில் இல்லாவிட்டாலும், ஓரம் கரடுமுரடாக இருந்தாலும், முன்பு புற்றுநோய் இருந்திருந்தாலும், மருந்துக்கு எதிர்பார்த்தபடி இணங்காவிட்டாலும், ஊசி மூலமோ லேப்ராஸ்கோப் மூலமோ சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது கடமை. புற்றணுக்கள் பெரும் நார்த்திரளின் நடுவே ஆங்காங்கு சிதறிக் கிடக்கக் கூடும். ஆகையால் மேற்பரப்பில் ஒரே இடத்தில் எடுத்த துணுக்கு பொய்யான ஆறுதலைத் தந்துவிடும் என்றும், ஆழத்திலும் பல இடங்களிலும் எடுக்க வேண்டும் என்றும் அனுபவசாலிகள் வற்புறுத்துகிறார்கள்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். முதற்கடமை சிறுநீரகத்தைக் காப்பது. நோயின் பெயரையும் காரணத்தையும் நிச்சயிக்கும் வரையில் அது காத்திராது. அடைபட்ட சிறுநீரை வெளியேற்ற இரு வழிகள் உண்டு. சிறுநீர்ப்பை வழியே இரு முனைகளும் வளைந்த டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழலைச் செலுத்தி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ளேயே ஒரு வழி அமைப்பது ஒன்று. அலை நின்றுபோன குழாயிலும் துவாரம் திறந்தே இருப்பதால் இது பெரும்பாலும் எளிதில் கைகூடுகிறது. முதுகுப்புறத்திலிருந்து ஊசியால் சிறுநீரகத்தைத் துளைத்து, நெஃப்ரோஸ்டமி என்னும் குழாய் வழியே சிறுநீரை வெளியே எடுப்பது மற்றொன்று. அடைப்பு நீங்கியவுடன் சிலருக்குச் சிறுநீர் வெள்ளமாகப் பெருகி நாளொன்றுக்குப் பல லிட்டர் வெளியேறும். அதனோடு உப்புச் சத்துக்களும் போய்விடுமாதலால், நோயாளி பிழைத்துக்கொண்டார் என்று மகிழும் அந்த முதல் நாள்களிலேதான் மிகுந்த விழிப்பு வேண்டும்.

வழி திறந்துவிட்டதனால் வியாதி தீர்ந்துவிடவில்லை. படலத்தைத் தணிப்பதற்கு இன்றும் முதலிடம் வகிப்பது ஸ்டீராய்டு மருந்தே. பிரெட்னிசோலோனை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம், பொதுவாக நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை, நான்கு முதல் ஆறு வாரங்கள் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து, சிறிய அளவில் ஓராண்டு அல்லது அதற்கும் மேலாகத் தொடர்வது வழக்கம். பெரும்பாலோருக்குச் சில நாள்களிலேயே வலி தணிகிறது. சில வாரங்களில் இ.எஸ்.ஆர். இறங்குகிறது, சில மாதங்களில் படலம் சுருங்குகிறது. அழற்சி அணுக்கள் நிறைந்த இளம் படலமே இவ்வாறு கரைகிறது. அணுக்கள் அருகி வெறும் நாராக இறுகிவிட்ட முதிர்ந்த படலத்தின்மேல் மருந்தின் ஆற்றல் செல்வதில்லை. ஆகவே நோயைச் சில மாதங்கள் முன்னதாக அறிவதே, மருந்தால் தீருவதற்கும் கத்தியை நாடுவதற்கும் இடையே வித்தியாசமாக அமையக்கூடும்.

ஸ்டீராய்டு தாங்காதவர்களுக்கு டாமாக்ஸிஃபென் என்னும் மாத்திரை 1990-களின் தொடக்கத்திலிருந்து பயன்பட்டு வருகிறது. இவ்விரண்டில் எது சிறந்தது என்பதை இத்தாலியின் வாலியோ முதலியோர் நெறியோடு ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முதல் மாதம் அனைவருக்கும் பிரெட்னிசோன் கொடுத்து நோயைத் தணித்த பின், அம்மருந்தையே தொடர்ந்த 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே சிகிச்சை முடிவதற்குள் நோய் திரும்பிற்று. டாமாக்ஸிஃபெனுக்கு மாற்றப்பட்ட 18 பேரில் ஏழு பேருக்குத் திரும்பிற்று. இதனால் ஸ்டீராய்டின் முதன்மை நிலைபெற்றது. நோய் மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறவர்களுக்கு மைக்கோஃபெனோலேட், அசதியோப்ரின், மெத்தோட்ரெக்ஸேட், ரிட்டுக்சிமாப் முதலிய எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்துகள் துணைபுரிகின்றன. ஆனால் ஸ்டீராய்டு அமிர்தமன்று; அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும், எலும்பை நலியச் செய்யும், உறங்கிக் கிடக்கும் கிருமிகளை எழுப்பிவிடும். காசநோய் மலிந்த நம் தேசத்தில், மருந்தைத் தொடங்குமுன் அந்நோயின் சுவடு உண்டா என்று பார்த்துத் தெளிவது வெறும் சம்பிரதாயமன்று; உயிரைக் காக்கும் முன்னெச்சரிக்கை.

மருந்துக்கு இணங்காதபோதும், திசுவை நேரில் எடுத்துப் பார்த்தாக வேண்டியபோதும், யூரிட்டரோலைசிஸ் என்னும் ரண சிகிச்சை மேற்கொள்ளப்படுகிறது. படலத்தில் புதைந்த குழாயைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்து, மீண்டும் அதிலேயே சிக்கிக்கொள்ளாதபடி உள்ளுறைக்கு உட்புறம் இடம் மாற்றுகிறார்கள். அல்லது குடலின் முன்னே தொங்கும் கொழுப்புத் திரையை எடுத்து அதைச் சுற்றிப் போர்த்துகிறார்கள். நோய் ஒரு பக்கம் மட்டுமே தெரிந்தாலும் மறுபக்கத்தையும் பற்றக்கூடியது என்பதால், இரு குழாய்களையும் ஒருங்கே விடுவிப்பதே பெரும்பான்மை வழக்கு. 1992-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கவூஸி, கிளேமன் முதலியோர் இதனை லேப்ராஸ்கோப் வழியே செய்துகாட்டிய பின், நீண்ட வயிற்றுக் கீறலின் துன்பம் பலருக்குக் குறைந்தது. எனினும் கத்தி விடுவிப்பது குழாயை மட்டுமே. படலம் அங்கேயே இருக்கிறது, அதை உண்டாக்கிய அழற்சியும் இருக்கக்கூடும். ஆகையால் ரண சிகிச்சைக்குப் பின்னும் மருந்தும் கண்காணிப்பும் தேவைப்படுவது உண்டு.

இந்நோயின் மிகப் பெரிய பரீட்சை ஆஸ்பத்திரியில் நடப்பதில்லை. நோயாளி வீடு திரும்பிய பின் தொடரும் ஆண்டுகளிலேதான் நடக்கிறது. வலி நீங்கிவிட்டது என்ற நிம்மதியில் மருந்தைத் தாமாகவே நிறுத்துவோரும், உள்ளே ஸ்டென்ட் இருப்பதையே மறந்துவிடுவோரும் உண்டு. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மாற்றவோ எடுக்கவோ வேண்டிய அக்குழல், ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகி, காக்க வந்த பொருளே சிறுநீரகத்தை அடைத்துவிடும். நோயும், பல ஆண்டுகள் அடங்கியிருந்து, பிறகு மீளக்கூடியது. ஆதலால் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் குறித்த காலந்தோறும் நெடுங்காலம் தொடர வேண்டும்.

வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டுவது இதுதான். முதுகுவலி எல்லாம் இந்நோய் அன்று. அச்சம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மாதக்கணக்கில் மாறாத வலியோடு உடல் மெலிவும் சேர்ந்தால், வலி மாத்திரையை மேலும் மேலும் விழுங்காமல் ஒரு கிரியேட்டினின் பரிசோதனையும் ஒரு அல்ட்ராசவுண்டு ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, கல்லைக் காணோம் என்று அறிக்கை வந்தால், காரணம் தெரியும் வரையில் விசாரணையை விடாதீர்கள். ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தால் அதை மாற்ற வேண்டிய தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தக்க காலத்தில் அறியப்பட்டுத் தளராமல் கண்காணிக்கப்படும் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் தம் சிறுநீரகங்களோடு நெடுங்காலம் வாழ்கிறார்கள்.